சடங்குக்கு மட்டும் வந்த தகப்பன்

என் மகளின் அப்பாவுக்கு நீதிமன்றம் கொடுத்தது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். காலையில் அழைத்துப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும். நானும் மகளும் பாளையங்கோட்டையில் இருக்கிறோம், அவருக்கு அம்பாசமுத்திரம். வண்ணார்பேட்டையில் ஒரு பேக்கரி வாசலில் வைத்துப் பிள்ளையைக் கூட்டிப் போவார். நேரத்துக்கு வந்ததே கிடையாது. கூட்டிப் போய்த் தன் அக்காள் வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிடுவார். போகும் முன் அவளோடு ஒரு படம் எடுத்து, 'என் உலகம்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட மறக்கமாட்டார். அந்த உலகம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலை இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏழாம் வகுப்பு படிக்கையில் பள்ளிக்கூடத்தில் வைத்து வயதுக்கு வந்தாள். டீச்சர் போன் செய்ததும், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். வீட்டில் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்றாள். பிள்ளையின் உடம்பு சம்பந்தப்பட்டதை அப்பாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அதனால் அவருக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏளா, மண்டபம் பாத்துருதேன். ஊரக் கூட்டிச் சடங்கு வைக்கணும்."

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. தெருக்கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டியில் தலைவர் பதவிக்கு அவர் அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

அடுத்த முறை பேக்கரிக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார், அக்காளையும் கூட்டிக்கொண்டு. சடங்குக்குத் தன் தெருமுனையில் வைக்கப்போகும் ஃபிளெக்ஸைப் போனில் காட்டினார். வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி முழு உயரத்துக்கு அவர். என் மகள் ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு.

"ஒத்தப் பிள்ளைக்கு ஒரு சடங்கு வைக்கண்டாமா?" என்றாள் அக்காள்.

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றேன் அவரிடம்.

"சின்னப் பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்கது?"

"பெரிய மனுஷி ஆயிட்டான்னு சொல்லத்தான மண்டபம் பிடிக்கீங்க. அதுக்குள்ள சின்னப் பிள்ளையாயிட்டாளோ?"

மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "யப்பா, எனக்கு வேண்டாம்ப்பா. எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு இப்படித்தான் ஃபிளெக்ஸ் வச்சாங்க. பயலுவ அதைப் போட்டோ எடுத்துக் கேலி பண்ணி, அவ அழுதுட்டே இருந்தா."

அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க."

தனக்குரிய ஒரு ஞாயிற்றுக்கிழமையையே நாளாகக் குறித்தார். இதில் மட்டும் மூளை வேலை செய்தது. என் கேஸை நடத்திய வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். "அது அவரோட நாள். நீங்க தடுக்க முடியாது. ஆனா பிள்ளையே வரமாட்டேன்னா யாரும் தூக்கிட்டுப் போக முடியாது" என்றார்.

அன்றைக்கு வீட்டு வாசலுக்கே கார் வந்தது. அக்காள் கையில் பட்டுச்சேலை வைத்த தாம்பாளம். நான் உள்ளேயே இருந்துகொண்டேன். மகள் தலைகூட வாராமல் போய் நின்றாள்.

"இன்னைக்கு வரலப்பா. அடுத்த தடவ வாரேன்."

அவர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கத்தினார்: "பெத்த தகப்பன்கிட்டருந்து பிள்ளையப் பிரிச்சு வச்சிருக்கா, பாத்துக்கிடுங்க!" எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் வந்து நின்றதும் குரல் இன்னும் ஏறியது. மகள் உள்ளே வந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

பெண் இல்லாமலே மண்டபத்தில் பந்தி நடந்தது. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வந்தவர்களிடம் சொன்னார்களாம். ஸ்டேட்டஸில் படங்கள் வந்தன: சாப்பிடுகிறவர்கள், கும்பிடுகிற அவர், மறுபடியும் அவர். கமிட்டித் தலைவரும் ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. மகள் மட்டும் தவறாமல் கிளம்பி, பேக்கரி நாற்காலியில் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வா போகலாம் என்றால், "இன்னுங் கொஞ்ச நேரம்மா" என்பாள்.

ஒருநாள், ஒன்றுமே நடக்காதது போல வந்தார். அவளும் ஒரு வார்த்தை கேட்காமல் ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவளிடம், "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. எங்கூட உக்காந்து டிவி பாத்தாரு, அப்படியே தூங்கிட்டாரு. அவருக்கு எங்கிட்ட என்ன பேசன்னே தெரியலம்மா. பாவம்."

அவளுக்கு வந்த அந்தப் 'பாவம்' எனக்கு வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை.