அப்பா கேட்ட கேள்விகள்

எங்கள் அப்பாவுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. உரம் வாங்கப் போனதைச் சொல்வதென்றால் கடைப்படியில் படுத்திருந்த நாயிலிருந்துதான் தொடங்குவார். கோயிலில் புராணப் படிப்பு நடக்கும் நாட்களில் ஒருவர் பாட்டைப் படிப்பார். அதற்குப் பொருள் விரித்துப் பயன் சொல்கிறவர் அப்பா. நாலு வரிப் பாட்டு அவர் வாயில் அகப்பட்டால் அரை மணித்தியாலம் போய்விடும். மடைப்பள்ளியில் பொங்கல் ஆறிப்போகும், ஐயர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், அப்பா இன்னும் இரண்டாவது வரியில் நிற்பார். சனம் அவரைத் திட்டிக்கொண்டே ரசித்தது.

அம்மா அதற்கு நேரெதிர். "ஓம்", "இல்லை", "சாப்பிடுங்கோ" என்பவற்றை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடக்கூடியவர். அவருக்குச் சேர்த்தும் அப்பாவே கதைத்துவிடுவதால் வீட்டில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

நான் அப்பாவின் பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் தமிழ் ரீச்சர் ஆளுக்கொரு புத்தகம் தந்து, வாசித்துவிட்டு வகுப்புக்கு முன்னால் வந்து கதையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும் என்றபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். முதல் தரம் ஒரு சிங்கத்தின் கதை. பாடம் முடிந்து மணி அடித்தபோது சிங்கம் இன்னும் நித்திரையால் எழும்பவில்லை.

"நீ சுருக்கேல்லைப் பிள்ளை, பாடமாக்கி ஒப்பிக்கிறாய்," என்றார் ரீச்சர். "அடுத்தமுறை கதையைக் கொண்டு வா. புத்தகத்தைக் கொண்டு வராதை."

எனக்குக் கோபம் வந்தது. கதை இருப்பதே புத்தகத்துக்குள்தானே? ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எப்படிக் கொண்டு வருவது? சிங்கம் படுத்திருந்த மரத்தின் பெயரைக்கூட விடாமல் சொன்ன என்னை அவர் பாராட்டியிருக்கவேண்டும் என்றே நினைத்தேன்.

அடுத்ததாகக் கிடைத்த புத்தகத்துக்கு அட்டையே இல்லை. பெயர் என்னவென்று இன்றுவரை தெரியாது. தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஒரு தீவு, அங்கே ஒரு சிறுமி, தூரத்துக் கிணற்றிலிருந்து அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வருகிற ஒரு கழுதை. ஒருநாள் விடியக் கழுதையைக் காணவில்லை; சிறுமி தேடிப் போகிறாள். அந்த இடம் வரைக்கும் வாசித்திருந்தபோதுதான் அப்பாவுக்கு வருத்தம் வந்தது.

அது மாரிகாலம். வரம்பு வெட்டி வெள்ளத்தை விடுவதற்காக வயலுக்குள் நின்றவருக்குக் காய்ச்சல் பிடித்தது. மானிப்பாயில் மருந்தெடுத்தும் விடவில்லை. எலிக்காய்ச்சல் என்றார்கள். எலி கடித்து வந்ததாக்கும் என்று நான் அப்பாவின் கால்களைப் புரட்டிப் புரட்டிக் காயம் தேடினேன். பிறகு கண்கள் மஞ்சளாகி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வான் வண்டி பிடித்து ஆளைத் தூக்கித்தான் ஏற்றினார்கள். அப்போது அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குப் பயம் வந்தது அதைக் கண்டுதான்.

அப்பாவை வைத்திருந்த வார்ட்டுக்குள் சிறுபிள்ளைகளை விடமாட்டார்கள். பெரியம்மா வந்து என்னோடு நின்றார். அம்மா காலை பஸ்ஸில் போய்ப் பொழுதுபடத் திரும்பி வருவார். அப்பா எப்போது வருவார் என்று கேட்டால் "வருவார்" என்பதோடு சரி. எனக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. அப்பா வீட்டுக்கு வரவேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு எந்த நினைப்பும் இருக்கவில்லை.

ஒருநாள் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று கேட்டார்.

"நீ வாசிக்கிற கதை என்ன பிள்ளை?"

அம்மா என்னிடம் கதை கேட்டது அதுதான் முதல் தடவை. நான் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பாக்குச் சொல்லவேணும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, சந்தி மட்டும் வந்து சொல்லு."

சந்தி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். தீவின் நீளம், அகலம், அங்கே நின்ற பனைகள், கழுதையின் காதுக்குள் இருந்த வெள்ளைப் புள்ளி எல்லாம் சொன்னேன். பஸ் வந்துவிட்டது. பொழுதுபட வந்த அம்மா செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்.

"கழுதைக்கு என்ன நடந்ததெண்ட இடத்துக்கு நீ வரவே இல்லை. நான் அங்கை போய்த் தீவு எவ்வளவு நீளமெண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்தனான்."

"அப்ப என்ன செய்யிறது?"

"எனக்கு அங்கை கொஞ்ச நேரந்தான் விடுவினம். ஆருக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதை மட்டும் சொல்லு. மிச்சத்தை அப்பா தானே விரிச்சுக்கொள்ளுவார்."

இது எனக்கு உடனே விளங்கியது. அப்பாவுக்கு ஒரு நுனி கிடைத்தால் போதும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அடுத்தநாள் காதின் வெள்ளைப் புள்ளியை விட்டேன். பனைகளையும் விட்டேன். சந்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே கழுதை காணாமல் போய்விட்டது. பஸ் வரும்வரை அம்மா வாய்க்குள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றார்.

அன்று மாலை ஒரு கேள்வியோடு வந்தார்.

"அப்பா கேட்டவர், கழுதை போனாப்பிறகு அந்த வீட்டுக்கு ஆர் தண்ணி கொண்டந்ததாம்?"

நான் புத்தகத்தைத் திறந்து தேடினேன். ஒரு பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி கிடந்தது. சிறுமியின் தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் என்று இருந்தது. வாசிக்கும்போது அதைக் கண்டிருந்தும் முக்கியமில்லை என்று விட்டிருந்தேன். அடுத்தநாள் அதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார்.

பிறகு நாளுக்கொரு கேள்வி வரத் தொடங்கியது. தேடிப்போன பிள்ளை சாப்பிட்டுவிட்டா போனாள்? அவளைத் தனியே விட்டுவிட்டுத் தாய் எப்படி வீட்டில் இருந்தாள்? வழியில் கண்ட மீன்காரர் கழுதையைப் பார்த்திருந்தும் ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு கேள்வியும் நான் எதைத் தேவையில்லாமல் சொன்னேன், எதைத் தேவையிருந்தும் விட்டேன் என்று காட்டிக் கொடுத்தது. அப்பா படுக்கையில் கிடந்தும் எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்ததால் அவருக்குப் பசிக்கத் தொடங்கிவிட்டது என்றும் எண்ணிக்கொண்டேன்.

கதை முடிவுக்கு வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மழை வந்து புராணப் படிப்பு இடையில் நின்றால், மிச்சத்தைக் கேட்க அடுத்தநாள் சனம் கட்டாயம் வரும் என்று அப்பா சொல்வார். அப்படியென்றால் மிச்சம் என் கையில் இருக்கும்வரை அவரும் வரத்தானே வேண்டும்?

"முடிவைச் சொல்லன் பிள்ளை. பஸ் வரப்போகுது," என்றார் அம்மா.

"மாட்டன். அப்பா வீட்டை வந்தாப்பிறகுதான் சொல்லுவன். வந்து கேட்கச் சொல்லுங்கோ."

அம்மா அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்து நின்று, கொண்டக்டர் கூப்பிட்ட பிறகுதான் அசைந்தார்.

"சரி. அப்பிடியே சொல்லுறன்," என்றுவிட்டு ஏறிப் போனார்.

அந்தக் கிழமை வகுப்பில் என் முறை வந்தது. கழுதையின் கதையை முடிவோடு சொல்லிவிட்டு இருந்தபோது மணி அடிக்க இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. ரீச்சர் கைதட்டினார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"அப்பா," என்றேன்.

வகுப்பு முழுவதும் முடிவைக் கேட்டுவிட்டது. அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அவர் அதை அப்படியே அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார் என்ற பயம்.

இப்போது வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நானும் தமிழ் படிப்பிக்கிறேன். சுருக்கம் எழுதச் சொன்னால், எவ்வளவு எழுதவேண்டும் ரீச்சர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "சந்தி மட்டும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு என்று திருத்திக்கொள்வேன். எழுதியதை வாசித்துப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். அந்த மாதிரிக் கேள்விகள் எல்லாம் அப்பாவிடமிருந்து வந்தவை என்றுதான் பள்ளிப் படிப்பு முடியும்வரை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

நான் கம்பஸில் பட்டப்படிப்புக்குப் போகிற வயதில்தான் பெரியம்மா பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னார். நான் சந்தி வரைக்கும் கதை சொல்லிக்கொண்டு போன நாட்களில் அப்பா கண் திறக்கவே இல்லை. வாயில் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்திருந்தார்கள். அம்மா கட்டிலடியில் பேசாமல் நிற்பதைக் கண்ட நேர்ஸ் ஒருவர், "சும்மா நிக்காதையுங்கோ அம்மா, அவரோடை கதையுங்கோ. அவருக்குக் கேட்கும்," என்றாராம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்பா கதைக்கக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எதைக் கதைப்பது என்று தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்து, கடைசியில் என் கழுதையைக் கொண்டு போயிருக்கிறார்.

அதைக் கேட்ட அன்று நான் எழுந்து போய் முகம் கழுவினேன். பதில் சொல்லாத ஒருவருக்குக் கதை சொல்லிவிட்டு, பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவர் கேட்டதாக ஒரு கேள்வியை யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார் என் அம்மா. அதைக் கொண்டுவந்து தந்து எனக்கு அப்பாவை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். எனக்குப் படிப்பித்தவர்களில் யாருக்கு நான் முதலில் நன்றி சொல்லவேண்டும் என்பதில் அதன் பிறகு எனக்குக் குழப்பமே இல்லை.

அந்த மாரி முடியும்போது அப்பா வந்தார். தை பிறந்திருந்தது. தாடியும் மெலிவுமாக வான் வண்டியால் இறங்கியவரைப் பார்க்க வந்த சனம் கலைந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, அவருடைய சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்குப் பின்னால் குசினி வாசலில் அம்மா திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கழுதை என்னெண்டு கிடைச்சதெண்டு சொல்லட்டே?"

"எந்தக் கழுதை?"

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அப்பா என் தலைக்கு மேலால் குசினிப் பக்கம் பார்த்தார். உடனே முகம் மாறியது.

"ஓ, அந்தக் கழுதையோ! சொல்லு, சொல்லு. அதைக் கேட்கத்தானே ஓடி வந்தனான்."

காய்ச்சல் அவருடைய ஞாபகத்தைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, சுருக்கமாகச் சொன்னேன். சிறுமி தீவெல்லாம் தேடியும் கழுதை கிடைக்கவில்லை. களைத்துப்போய் அந்தத் தூரத்துக் கிணற்றடியில் குந்துகிறாள். அங்கே குடத்தோடு அவளுடைய தாய் நிற்கிறாள், பக்கத்தில் கழுதையும் நிற்கிறது. தாய் நாளாந்தம் தனியே தண்ணீருக்கு வருவதைக் கண்டுவிட்டு, அது தானாகவே திரும்பி வந்திருந்தது.

அப்பா விரித்துச் சொல்ல ஏதாவது தொடங்குவார் என்று பார்த்தேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லத் தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை பின்னால் தேங்காய் திருவும் சத்தம் நின்றிருந்தது. முடிந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் மறுபடி கேட்கத் தொடங்கியது. ஒரு பாதி முடிந்து அம்மா மற்றப் பாதியை எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.