எழுத்து எழுதாதவர்

செத்தவீடு முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, இறந்தவரின் தமையன் வந்து வீட்டுக் கதவுத் திறப்பைக் கேட்டார். மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜில் எங்களுக்கு மேல்மாடி வீடு அது. அங்கே இறந்தவரோடு இருபது வருடம் வாழ்ந்த நரைத்த மீசைக்காரர் வாசலில் நின்றார். எப்போதும் தன் துணைவர் வந்து ஏறும்வரை லிப்ட் கதவைக் கையால் பிடித்திருப்பவர் அவர்.

“எழுத்து எழுதினனீங்களே அண்ணை?” என்று கேட்டேன். எழுத்து என்றால் எங்களுக்குக் கலியாணப் பதிவு.

“இல்லைத் தங்கச்சி. வருசாவருசம் வரிக்குச் சோடியெண்டுதானே குடுத்தம். அது காணுமெண்டு இருந்திட்டம்.”

வீடு இறந்தவரின் பெயரில்; உயிலும் இல்லை. பதிந்திருந்தால் பெரும்பங்கு அவருக்குத்தான். வரி வாங்கும்போது சோடி, செத்தால் யாரோ! இதென்ன சட்டம்?

“ரூம்மேட்டுக்கு என்ன கதை?” என்று தமையன் சிரித்தார். தம்பியை ஆஸ்பத்திரியில் ஒருநாளும் வந்து பார்க்காத மனிதர். எனக்குப் பற்றியெரிந்தது.

என் மகளும் தன் சிநேகிதியோடு, சிநேகிதியின் பெயரிலுள்ள வீட்டில், எழுத்தில்லாமல்தான் வாழ்கிறாள். உடனே அவளை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

பின்னேரம் மகளும் சிநேகிதியும் வந்து மீசைக்காரரின் பெட்டிகளைத் தூக்கினார்கள். அவர் லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக ஏறிய மகள் சொன்னாள்:

“மாமா, எங்கட எழுத்துக்கு நீங்கள்தான் சாட்சி.”