சீலை கிழிக்கிற வலி

மலைக்குச் செல்போன் வந்த புதிதில் குண்டனி நாடு என்ற மலைக் கிராமத்தில் நர்ஸாக இருந்தேன். மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒருவர், நெஞ்சைப் பிடித்தபடி மனைவியோடு வந்தார்.

"சீலையக் கிழிக்கறாப்புல முதுகு வரைக்கும் கிழியுதுங்க."

"வாய்வுதானுங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

வலி நிற்கவில்லை. மறுநாள் நானே அவர்களை ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"இதயத்துலேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள கிழிஞ்சிருக்கு. நெஞ்சைத் திறந்து மேல்பக்கத்தை மாத்தணும். தொடை வழியா ஸ்டென்ட் விட்டுக் கீழ்ப்பக்கக் கிழிசலை மூடணும். ரெண்டையும் சேர்த்தே செய்யலாம். நேத்தே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

தியேட்டர் தயாராவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

கிழியுது என்று அவரே நோயைச் சரியாகச் சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மாத்திரையிலதானுங்க ஒரு நாளாச்சும் தாங்குனாரு."

இல்லை என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.