குங்குமம் வரும்வரை

"வீ வோன்ட் கீப் யூ எனி லாங்கர்" என்று சிரித்தார் எங்கள் செம்பூர் கட்டடத்தின் செயலாளர். எங்கள் மாடிக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று கேட்கத்தான் போயிருந்தேன்.

அந்த வாக்கியம் எனக்குப் பழசு. எண்பதுகளில் ஒரு தீபாவளிக்கு, தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு, அப்பாவின் ஆபீசர் வீட்டுக்கு முறுக்கு டப்பாவோடு போயிருந்தோம். உள்ளேயிருந்து ஃபில்டர் காபி வாசனை வந்தது, காபி வரவில்லை. உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆபீசரின் மனைவி இதையேதான் சொன்னாள். அப்பா விருட்டென்று எழுந்துவிட்டார்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் அம்மா.

"நமக்கு நேரமாகுதாம். கிளம்பச் சொல்லுதாவ, எந்திரி" என்று அப்பா முணுமுணுத்தார்.

அம்மா சோபாவில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அந்த அம்மாளையே பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "நல்ல நாளும் அதுவுமா, குங்குமம் வாங்காம எப்படிம்மா எந்திரிக்க?"

ஆபீசர் மனைவியும் தமிழச்சிதானே. இதற்குப் பதில் சொல்ல அவளிடம் இங்கிலீஷ் இல்லை. உள்ளே போய்க் குங்குமச் சிமிழும் வெற்றிலை பாக்கும் கொண்டுவந்தாள். அம்மா நெற்றியிலும் வகிட்டிலும் நிதானமாக வைத்துக்கொண்டு, எனக்கும் வைத்துவிட்டு, "போயிட்டு வாரோம்" என்று எழுந்தாள்.

செயலாளர் கதவைப் பார்த்தார். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். இருந்தும் இந்தியில் கேட்டேன்: "தண்ணீர் எப்போது வரும்?" கேட்டுவிட்டு, நாற்காலியை அவர் மேசையருகே இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.