அப்பாவின் நரித்தோல் கொட்டில்

மெல்பேர்னில் பழைய துணிக்கடையொன்றில் இன்று பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறியதும், இதே நகரில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் கொட்டிலுக்குள், சினிமாக்காரர்களுக்கு உரோமக் கோட்டு தைத்த அப்பாவின் மேசைக்கடியில், அதே வாசமடித்த நரித்தோல் துண்டுகளைக் கன்னத்தில் உரசியபடி மறுபடியும் படுத்துக் கிடந்தேன்.

"செத்ததின்ரை தோலைத் தொட்ட கையோட உள்ள வராதேங்கோ, முழுகிட்டு வாங்கோ" என்று சைவக்காரியான அம்மா தினமும் தான் சமைக்கும் குசினி வாசலை மறிப்பார். கடுங்குளிரிலும் அப்பா பின்வளவுக் குழாயடியில் நடுங்கி நடுங்கிக் குளிப்பார்.

ஒருமுறை தான் தைத்த கோட்டைக் காட்ட எங்களைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். பனிக்குள் நின்ற நாயகி அதை இழுத்துப் போர்த்தியபோது அம்மா தன்னை மறந்து, "அப்பாடா, அந்தப் பிள்ளைக்கு இனிக் குளிராது" என்றார்.

மறுநாள் சட்டையெல்லாம் உரோமம் ஒட்டியிருக்க அப்பா நேரே குசினிக்குள் வந்தார். அம்மா தேத்தண்ணியை அவர் கையிலேயே கொடுத்தார்.