ஜெய்ராம் அண்ணா போட்ட சுத்து வழி

எங்க பெரியம்மா பையன் ஜெய்ராம் அண்ணாவுக்கு கல்கத்தா சால்ட் லேக்ல ஆபீஸ். ஏரோப்ளேன் ஓட்டற வேலையில்ல, அது எந்த வழியா போகணும்னு கம்ப்யூட்டர்ல ரூட் போட்டுக் குடுக்கற வேலை. வெளிநாட்டு கம்பெனிகளுக்கெல்லாம் இவாதான் போட்டு அனுப்புவா. எங்க குடும்பத்துல இது யாருக்கும் புரிஞ்சதே இல்ல.

எங்க அத்தையோட ஆத்துக்காரர் மஹாதேவன் அத்திம்பேர் மூக்கால பேசுவார்: "ஏண்டா, மேப்ல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு சம்பளமா?"

அண்ணாவுக்குக் குரலே எழும்பாது. "பூமி உருண்டை, அத்திம்பேர். ஒரு சாத்துக்குடி மேல நூலை இழுத்துப் பிடிங்கோ, வளைஞ்சு போறதே, அதான் கிட்டத்து வழி. ஆனா அதுலயும் போக விடமாட்டா. எதிர்காத்து அடிச்சா சுத்திப் போறதுதான் சீக்கிரம். நடுவுல ஒரு நாட்டுல சண்டை, வானத்தையே மூடிடுவான். இன்னொருத்தன், தலைக்கு மேல பறக்கறதுக்கே காசு கேப்பான்."

"ராஷ்பெஹாரி ரோட்ல ஜாம்னு சுத்தி விட்ட டாக்ஸிக்காரனும் இதையேதான் சொன்னான்!"

போன தை மாசம் முகுந்துக்குக் கல்யாணம். அண்ணாவோட தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே அக்கா ரோஹிணி, ம்யூனிக்ல இருக்கா. லீவு கிடைக்கலை, கல்யாணத்தன்னிக்குக் கார்த்தால டெல்லில வேற ப்ளேன் மாறி வந்து இறங்கறதா ஏற்பாடு. தினம் போன்ல மிரட்டல்: "மொத முடிச்சுதான் முகுந்தோடது. மீதி ரெண்டும் நாத்தனார் முடிச்சு, என்னோடது. வேற எவளாவது தாலில கை வெச்சா, கைய ஒடிச்சுடுவேன்."

கல்யாணத்துக்கு மொத நாள் ஆபீஸ்ல ஆள் இல்லைன்னு அண்ணா டூட்டிக்குப் போனார். அக்கா ஏறப்போற ப்ளேன் இவர் மேஜைக்கே வந்துது. ரெண்டு வழி. ஒண்ணு, சண்டை நடக்கற எல்லையை ஒட்டிப் போறது. ரூல்ஸ்படி சரிதான், தினமும் இவர் போடறதும் அதுதான். இன்னொண்ணு தெற்கால சுத்திப் போறது, முக்கால் மணி ஜாஸ்தி.

பக்கத்து சீட் ஸ்ரீநாத் சூயிங்கத்தை மென்னுண்டே, "என்ன பாஸ் யோசனை? டெய்லி போடறதைப் போட்டுத் தள்ளு."

அண்ணா சுத்து வழியைப் போட்டார். டெல்லில அடுத்த ப்ளேனை அக்கா ஓடிப் பிடிச்சுடுவான்னு நினைச்சுண்டார்.

பிடிக்கலை. கார்த்தால போன்ல ஒரே அழுகை: "கண்ணு முன்னாடி கேட்டை மூடிட்டாண்டா!"

மண்டபத்துல பக்கத்து வீட்டு மாமி, காகிமா, பெங்காலில பதர்றா, "லொக்னோ பேரியே ஜாச்சே!" முகூர்த்தம் போயிண்டிருக்கேன்னு. வாத்தியார் தொண்டையைக் கனைச்சுண்டு, "நாத்தனார் எங்கே? நாத்தனாரை வரச் சொல்லுங்கோ!" கடைசில அத்தை பொண்ணு இந்துஜாவைத் தள்ளி விட்டா. அவ மீதி ரெண்டு முடிச்சையும் போட்டா.

ரோஹிணி அக்கா வந்தது கடைசிப் பந்திக்கு. ஜீன்ஸ், வீங்கின கண்ணு. அண்ணா பக்கத்து இலைல உக்காந்தார்.

"அக்கா, உன் ப்ளேனுக்கு ரூட் போட்டது நான்தான். கிட்டத்து வழி இருந்துது. நீ இருக்கேன்னு பயமாயிடுத்து, கை வரலை."

அக்கா மூக்கை உறிஞ்சிண்டு, "போடா அசடு" ன்னு முதுகுல ஒண்ணு வெச்சா. சாதத்தைப் பிசைஞ்சா. பிசைஞ்ச கை நின்னுடுத்து.

"இரு. நேத்து வரைக்கும் அந்த வழியா போனவாள்லாம்?"

ரசம் இலையை விட்டு ஓடித்து, அண்ணா சாதத்தால அணை கட்டக்கூட இல்ல.

லீவு முடிஞ்சு அண்ணா ஆபீஸ் போனதும் மறுபடி அதே ரூட் மேஜைக்கு வந்துது. உள்ள இருக்கறவா யாரும் தெரிஞ்சவா இல்ல. அண்ணா தெற்கு வழியே போட்டார். இவ்வளவு பெட்ரோல் ஏன்னு மேனேஜர் கேட்டார். சாயங்காலம் ஸ்பீக்கர்ல போட்டு ம்யூனிக்குக்குப் போன் பண்ணினார், நான் பக்கத்துலதான் இருந்தேன்.

"அக்கா, இன்னிக்கு எல்லாரையும் சுத்து வழில அனுப்பிட்டேன்."

"நல்லது பண்ணினே," ன்னா அக்கா. "எத்தனை பேருக்கு முகூர்த்தம் போச்சோ."

அன்னிலேர்ந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா குரல்ல அந்த 'முகூர்த்தம் போச்சோ'வைச் சொல்லிக் காட்டுடாங்கறார். கேலியா கோவமான்னு அவருக்கு இன்னும் தெரியலை.