ஆயிரத்துக்கு இன்னும் முந்நூற்று அறுபது

என் சித்தப்பாவுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. இருபத்தாறு வருடம் எண்களையே பார்த்தவர். எண்ணில் காட்டாத எதையும் நம்ப மாட்டார். வீட்டில் அவர் பெயரே மீட்டர்தான்.

சித்திக்கு மார்பில் கட்டி வந்தபோது டாக்டர் இருபத்தைந்து நாள் கதிர் சிகிச்சை எழுதினார். பஸ் குலுக்கல் அவளுக்கு ஆகாது என்று மீட்டர் புதுக் காரே வாங்கிவிட்டார். ஆஸ்பத்திரி போய்வர நாற்பது கிலோமீட்டர். காரோடு வந்த புத்தகத்தில் முதல் சர்வீஸ் ஆயிரம் கிலோமீட்டரில் என்று இருந்தது. இருபத்தைந்து நாற்பது ஆயிரம். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

“வண்டிக்கு மொத சர்வீஸ் வர்ற அன்னிக்கு உனக்கு வைத்தியம் முடிஞ்சிருக்கும் பாரு.”

சித்தி புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். “ஆயிரம் கிலோமீட்டர், இல்லேன்னா ஒரு மாசம், எது முந்துதோ அதுன்னுல்ல போட்டிருக்கு?”

“மாசம் காலண்டர்ல ஓடுது. வண்டி ரோட்டுலதானே ஓடுது?”

“உங்ககிட்ட பேசுறதுக்கு அந்த ஹாரன்கிட்ட பேசலாம்.”

சித்தப்பா பக்கத்தில் அவள் உட்காருகிற முன்சீட்டை நான் திருட்டுத்தனமாக முன்னால் தள்ளி வைப்பேன். முழங்கால் இடித்ததும், “அந்தக் குரங்கோட வேலைதான் இது!” என்று கத்துவாள். கத்தட்டும் என்றுதான் செய்தேன். கத்துகிற அன்றைக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

பதினாறாவது நாள் போய்வந்து படுத்தவள் மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கார் அறுநூற்று நாற்பதில் நின்றது.

மாதம் தாண்டியது. சர்வீஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டால் மீட்டர் எடுப்பதில்லை. வாரண்டி போய்விடும் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் போட்டேன்.

“சார், சர்வீஸ் மேனேஜர் பேசறேன். உங்க வண்டிக்கு...”

“ஏண்டா குரங்கே,” என்றார். “ஆயிரத்துக்கு இன்னும் முந்நூத்தி அறுபது இருக்குடா.”

மறுநாளே கிளம்பினார். ஆஸ்பத்திரி வாசல்வரை போவார், திரும்பி வீட்டுக்கு வருவார். இப்படி ஒன்பது நாள். கணக்கில் முட்டை வாங்கிப் பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அந்த ஒன்பது விளங்கியது. நானும் கூடப் போனேன், பின் சீட்டில். சித்தியின் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

“ரொம்ப லேட்டா வந்திருக்கீங்களே சார், தேதி பாக்கலையா?” என்றார் சர்வீஸ் சென்டர்க்காரர்.

“பாத்தேன்பா. கிலோமீட்டர் சரியா இருக்கு.”

சாயங்காலம் கார் கழுவித் துடைத்து வந்தது. கதவைத் திறந்த சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சுத்தம் செய்த ஆள் முன் சீட்டை முன்னால் தள்ளிவிட்டிருந்தான்.

நான் குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்த பிடியை இழுத்தேன். எத்தனை தடவை தள்ளியிருப்பேன், எனக்குத் தெரியாதா? டக், டக்கென்று ஏழு தடவை பின்னால் நகர்த்தினேன்.

“இன்னும் ஒண்ணுடா,” என்றார் சித்தப்பா. “அவ காலை நீட்டி உக்காருவா.”